எந்தப் பக்கம் என்று கேட்டவள்

யாராவது தன்னுடைய புத்தகத்தைப் புகழ்ந்தால் அவள் நன்றி சொல்வதில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்பாள்.

கேட்கும்போது முகத்தில் நக்கல் இருக்காது. கண்களை அகலத் திறந்து, உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, பதிலுக்காகக் காத்து நிற்பாள். பதில் வராது. அப்போதும் நிற்பாள். புகழ்ந்தவர் கைபேசியை எடுத்துப் பார்ப்பார். அல்லது தூரத்தில் யாரையோ கண்டதுபோலக் கையை அசைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். மூன்று நாட்களில் பதினைந்து இருபது பேர் அப்படி நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர்களில் என் கணவரும் ஒருவர்.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். மலாவி நாட்டுப் பெண். மெலிந்து உயர்ந்தவள். எப்போதும் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பாள், தச்சு வேலைக்காரர் மாதிரி. ரொறன்ரோவில் நடந்த ஆபிரிக்க இலக்கிய விழா ஒன்றுக்கு வந்து, அந்த வார இறுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் தங்கியிருந்தாள். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதென்றால் அவளிடம் கேட்க வேண்டும். கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இலக்கியத்துக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஊரில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். படுக்கையில் கிடக்கிறவர்களைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்துவது என் வேலை. என்னோடு அதே வேலை செய்பவள் அபெனா. கானா நாட்டவள். அவளுடைய கணவர்தான் அந்த விழாவின் தலைவர். அவள் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடம் சேர்ந்து கட்டில் கட்டிலாக நடந்ததில், அவள் சொன்னதெல்லாம் எனக்கு எங்களுடைய தமிழாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அந்தப் பெண் சொன்னதும் அப்படியே. ஞாபகத்தில் உள்ளபடி எழுதுகிறேன்.

"உன்ரை பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்குது?" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அபெனா கேட்டாள்.

"ஓம். இருந்த பிள்ளையள் பிக்கரிங்குக்கு மாறிப் போட்டினம்."

"ஒரு எழுத்தாளரை மூண்டு நாளைக்கு வைச்சிருப்பியே? ஹொட்டேல் எடுத்துத் தாறன் எண்டவர் இப்ப ஃபோன் எடுக்கிறார் இல்லை. மேடைக்கு என்ன நிறத்தில துணி கட்டுறதெண்டு என்ரை மனுசன் மூண்டு கூட்டம் வைச்சவர். வாற ஆள் எங்கை படுக்கிறதெண்டு ஒரு கூட்டத்திலயும் கதைக்கேல்லை."

"எழுத்தாளர் எண்டால் என்ன சாப்பிடுவினம்?"

"உன்னையும் என்னையும் மாதிரித்தான். கொஞ்சம் கூடச் சாப்பிடுவினம்."

வியாழக்கிழமை பின்னேரம் வந்து இறங்கினாள். என்னை 'அன்ரி' என்று கூப்பிட்டாள். தங்கள் ஊரிலும் அப்படித்தானாம். பெட்டியைத் திறந்து, தன் புத்தகத்தில் ஒன்றைக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். அட்டையில் செம்மஞ்சள் சூரியன், குடை விரித்தது போல ஒரு மரம், மரத்துக்குக் கீழே ஒரு யானை. உள்ளே இருப்பது பட்டணத்து வீடொன்றில் படுக்கையில் விழுந்துவிட்ட தாயைப் பராமரிக்கிற ஒரு மகளின் கதை என்று சொன்னாள்.

"யானை எங்கை வரும்?" என்று கேட்டேன்.

"வராது அன்ரி. யானை இல்லாட்டி ஆபிரிக்காப் புத்தகம் எண்டு ஆக்களுக்கு விளங்காதாம்."

புத்தகத்தை இரண்டு தரம் புரட்டிவிட்டு, எல்லோரும் சொல்கிறபடி நானும், "நல்ல புத்தகம்" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

எனக்கு முகம் எரிந்தது. சாதாரணமாகவே நான் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவள். "இனித்தான்" என்று மட்டும் சொன்னேன். "வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்று மிக அன்பாகச் சொன்னாள். அவள் கோபித்திருந்தால் மறந்திருப்பேன். அந்த அன்புதான் என்னை விடவில்லை. அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே புத்தகத்தைத் திறந்துவிட்டேன்.

என் கணவர் அகப்பட்டதும் அதே வெள்ளிக்கிழமை காலைதான், நான் வேலைக்குக் கிளம்பும் முன். எங்கள் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. உள்ளே எழுபது எண்பது தமிழ்ப் புத்தகம். எல்லாம் ஸ்காபரோவில் நடக்கிற வெளியீட்டு விழாக்களில் வந்து சேர்ந்தவை. மேடையில் பெயர் கூப்பிடுவார்கள். இவர் ஏறிப்போய் என்வலப்பைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்து, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவார். வீட்டுக்கு வந்ததும் புத்தகம் அலுமாரிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு தூசி தட்டுகிற நான்தான் அதைத் தொடுவேன்.

"எங்கடை சனம் வாசிக்கிற சனம்" என்று அவளுக்கு அலுமாரியைக் காட்டி இவர் சொன்னார்.

அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நடுத்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தாள். எழுத்து விளங்காது. ஆனாலும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நடுவில் இரண்டு தாள் வெட்டுப்படாமல் ஒட்டியபடி இருந்தன. அதை அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இதில எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிச்சது அங்கிள்?" என்று கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டேன். "எழுதினவர் என்னோட ஒண்டாப் படிச்சவர்" என்று இவர் சொல்வது குசினிக்குக் கேட்டது.

"எந்தப் பக்கத்தில அதைச் சொல்லுறார்?"

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரித்தாள். "அப்பா, யூ ஆர் டன்" என்றாள்.

இவர் குசினிக்குள் வந்து மெல்லிய குரலில், "உவள் எப்ப போறாள்?" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை."

"அதுவரைக்கும் நான் கராஜுக்குள்ள இருக்கிறன்."

அன்று பின்னேரம் விழாத் தொடக்கம். வேலை முடிந்து நேரே போனேன். அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருந்தது. நான் ஐந்தரைக்குப் போனபோது இரண்டு பேர் மைக் வயரை எந்த ஓட்டையில் செருகுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக விழா தொடங்கியது. எனக்கு உடனே மனம் ஆறிவிட்டது. அந்நிய இடம் என்று பயந்து வந்தவள், எங்கள் ஆட்களின் விழாவுக்கு வந்ததுபோலக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். வரவேற்புரை, அதற்கு ஒரு அறிமுகவுரை, அறிமுகம் செய்தவருக்கு ஒரு நன்றியுரை. இடையில் ஒரு நகரசபை உறுப்பினர் வந்து, படம் எடுத்து, அடுத்த விழாவுக்கு ஓடினார்.

தலைவர் பருத்த மனிதர். தோளில் பல நிறத்தில் நெய்த துணி போட்டிருந்தார். நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் முன்வரிசையில் இருந்த அவளை எழுப்பி நிறுத்தி, "எங்கள் கண்டமே தலைநிமிரும் நாவல்" என்றார்.

அவள் எழுந்து, மைக் இல்லாமலே, மண்டபத்துக்கெல்லாம் கேட்கும்படி, "எந்தப் பக்கம், ஐயா?" என்றாள்.

தலைவர் ஒரு வினாடி அவளைப் பார்த்தார். பிறகு சபைப் பக்கம் திரும்பி, "எவ்வளவு அடக்கமான பிள்ளை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"வீட்டிலயும் இப்படித்தான்" என்று பக்கத்தில் இருந்த அபெனா சொன்னாள். "குப்பை எடுத்து வைச்சியளோ எண்டு கேட்டால், நீ நல்ல மனுசி எண்டுவார்."

சனிக்கிழமை கலந்துரையாடல். ஒரு பேராசிரியர் கேள்வி கேட்டார். வெள்ளைக்காரர் இல்லை, ஆபிரிக்கர்தான். அவர் முன்னால் அவளுடைய புத்தகம் இருந்தது. அதன் முதுகு புதிதாகவே இருந்தது. "உங்கள் நாட்டின் யுத்தம் உங்கள் எழுத்தை எப்படிப் பாதித்தது?" என்று தொடங்கினார்.

"எங்கடை நாட்டில யுத்தம் நடக்கேல்லை."

"பசி, வறுமை?"

"கதையில வாற வீட்டில ஃபிரிட்ஜ் இருக்கு. பதினோராம் பக்கம்."

பேராசிரியர் பதினோராம் பக்கத்தைத் தேடினார். தேடிக்கொண்டே, "அந்த ஃபிரிட்ஜை நான் ஒரு குறியீடாகப் பார்க்கிறேன்" என்றார்.

"அது பழுதாப் போய், பன்னிரண்டாம் பக்கத்தில திருத்திறவர் வாறார்" என்றாள் அவள்.

முதல்முறையாக எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மண்டபத்தில் அது உண்மை என்று அறிந்த ஒரே ஆள் நான். திருத்த வருகிறவர் தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி போடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

என் வாசிப்பு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் கொஞ்சம், இடைவேளையில் கொஞ்சம், விளங்காத சொல்லைக் கைபேசியில் தேடிக் கொஞ்சம். சில பக்கத்துக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. சனிக்கிழமை பின்னேரம் நாற்பத்தாறாம் பக்கத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன். மகள் தாயைக் கழுவுகிற இடம். ஒன்றரைப் பக்கம். இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் கோபம் வந்தது.

அதை எப்படிச் சொல்வது? இந்த நாட்டுக்கு அவளை அவ்வளவு தூரத்திலிருந்து அழைத்து, மாலை போடாத குறையாகக் கொண்டாடுகிறார்கள். நான் ஒரு முதியோர் இல்ல வேலைக்காரி. ஞாயிறு காலை புட்டு அவித்துக் கொடுத்தேன். கையால் பிசைந்து, இது சோளமாவில் செய்தால் தங்கள் வீட்டுச் சாப்பாடு என்று சொல்லிச் சாப்பிட்டாள். நான் தேத்தண்ணியை ஊற்றியபடி, கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "நாற்பத்தாறு" என்றேன்.

அவள் கை நின்றது.

"நாற்பத்தாறில என்ன அன்ரி?"

"பிழை."

"என்ன பிழை?"

"முதல்ல காலைக் கழுவுறாள். பிறகு அதே தண்ணியில முகத்தைத் துடைக்கிறாள். அப்பிடி ஒருத்தரும் செய்யமாட்டினம். முதல்ல கண். சோப் போடாமல், மூக்குப் பக்கத்திலயிருந்து வெளியாலை துடைக்கவேணும். பிறகு முகம், கை, நெஞ்சு. கால் பிறகு. முதுகு கடைசி. இடையில தண்ணி மாத்தவேணும்."

"பிறகு?"

"தாயின்ரை ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்து எழுப்புறாள். அந்த வயதில தோள்மூட்டு கழண்டு போம். அந்த ஒண்டரைப் பக்கமும் அவ வெறும் உடம்போட கிடக்கிறா. குளிரில விறைச்சுப் போவா. ஒரு கையைத் துடைக்கேக்கை மற்றதெல்லாம் மூடியிருக்கவேணும்."

சொல்லி முடித்தபிறகுதான் நான் இவ்வளவு பேசியிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். "செய்து காட்டுங்கோ" என்றாள்.

பேஸ்மென்ற் கட்டிலில் அவள் படுத்தாள். நான் துவாயும் போர்வையும் எடுத்துப் போனேன். வேலை என்றால் எனக்குக் கூச்சம் போய்விடும். தூரப்பக்கக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்தேன். தூரப்பக்க முழங்காலை மடித்தேன். தோளிலும் இடுப்பிலும் கை வைத்து என் பக்கம் சரித்தேன். அந்த உயரமான பெண் இலேசாகத் திரும்பி வந்தாள். பழைய விரிப்பை முதுகோடு சுருட்டி, புதியதைப் பாதி விரித்து எப்படி மாற்றுவது என்று காட்டினேன்.

"அன்ரி, ஒவ்வொண்டும் செய்ய முதல் எனக்குச் சொல்லுறியள். கையைத் தூக்கப்போறன், திருப்பப்போறன் எண்டு."

"சொல்லாமல் தொடக்கூடாது. அவைக்குப் பயமா இருக்கும்."

"அவைக்கு விளங்காட்டி?"

"விளங்காட்டியும்."

அவள் கண்களை மூடினாள். "என்ரை புத்தகத்தில மகள் ஒண்டும் கதைக்கேல்லை" என்றாள். பிறகு, "நான் அங்கை இருக்கேல்லை அன்ரி. அம்மாவைக் கழுவினது என்ரை சின்னம்மா. நான் படிக்கப் போயிருந்தன். சோதினை முடிச்சு வரச் செத்தவீடும் முடிஞ்சுது. உந்த ஒண்டரைப் பக்கமும் நானா நினைச்சு எழுதினது" என்றாள்.

நான் போர்வையை இழுத்து அவளை மூடினேன்.

"ஆராவது கண்டுபிடிப்பினம் எண்டு ஒரு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். எல்லாரும் நல்லாயிருக்கு எண்டினம். எந்தப் பக்கம் எண்டு கேக்கேக்கை எனக்கு நெஞ்சு இடிக்கும், இப்ப நாற்பத்தாறு எண்டு சொல்லப்போகினம் எண்டு. ஒருத்தரும் சொல்லேல்லை."

அவள் புகழுக்காகக் கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிடிபடுவதற்காகக் கேட்டிருக்கிறாள்.

குசினி மேசையில் இருந்து, புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதினாள். நடுநடுவே "துவாய் எந்தப் பக்கம்?", "தண்ணி எவ்வளவு சூடு?" என்று கேட்டாள். "முழங்கையால தொட்டுப் பாக்கிற சூடு" என்றேன். அதையும் எழுதினாள். கராஜிலிருந்து எட்டிப்பார்த்த என் கணவர், ஒரு எழுத்தாளர் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதுவதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

அன்று பிற்பகல் நிறைவு விழா. மண்டபத்தில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். அவளுக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். வேறு எந்தப் பகுதியையும் வாசிக்காமல் நாற்பத்தாறாம் பக்கத்தை வாசித்தாள். அச்சில் உள்ளதை அல்ல, ஓரத்தில் பென்சிலால் எழுதியதை. புத்தகத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பி வாசித்தாள். "அம்மா, இப்போது உன் கையைத் தூக்கப்போகிறேன்" என்று மகள் சொல்கிற இடம் வந்தபோது அபெனா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நாங்கள் இருவரும் ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்கிற வசனம் அது.

வாசித்து முடித்து, அவள் புத்தகத்தை மூடவில்லை.

"இந்தப் பக்கம் இண்டைக்குக் காலமைவரைக்கும் பிழையா இருந்தது" என்றாள். "இந்த மண்டபத்தில ஒரு ஆள்தான் என்ரை புத்தகத்தை வாசிச்சிருக்கிறார். அவர்தான் திருத்தித் தந்தவர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். அவர் தானா எழும்பி நிக்கவேணும் எண்டு கேக்கிறன். அவரை எல்லாரும் பாக்கவேணும். எனக்கு அது பெரிய காரியம்."

அவள் நான்காம் வரிசையைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் பூட்டைப் பார்த்தேன். அபெனா முழங்கையால் இடித்தாள். நான் பூட்டைத் திறந்து, திரும்ப மூடினேன். மேடையில் அவள் காத்திருந்தாள். அவள் காத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது தலைவர் எழுந்தார்.

நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெதுவாக, பாரத்தோடு எழுந்தார். சபைக்கு ஒரு தரம் தலை குனிந்தார். "ஒரு தகப்பன் மகளுக்குச் சொல்வதுபோலத்தான் திருத்தம் சொன்னேன்" என்றார். அவர் எழுந்ததைக் கண்டு பேராசிரியரும் எழுந்தார். பேராசிரியர் எழுந்ததால் முன்வரிசை முழுவதும் எழுந்தது. முன்வரிசை கைதட்ட, பின்னால் இருந்தவர்கள் இது எழுந்து நின்று கைதட்ட வேண்டிய இடம் என்று நினைத்து எழுந்தார்கள். இருநூறு பேரும் நின்றார்கள். உட்கார்ந்திருந்தால் நான் மட்டும் தெரிவேன் என்பதால் நானும் எழுந்தேன். நான் கட்டையானவள். முன்னால் நின்றவரின் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் என்னைத் தெரிந்திருக்காது.

விமான நிலையத்துக்கு அபெனாதான் காரை ஓட்டினாள். தலைவர் படம் எடுக்க நின்றுவிட்டார். கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

"ஏன் அன்ரி எழும்பேல்லை?" என்று பின்சீட்டிலிருந்து அவள் கேட்டாள். அந்த மூன்று நாளில் அவள் குரலில் முதல்முறையாக வருத்தம் இருந்தது.

"எனக்கு ஆக்களுக்கு முன்னால நிக்கத் தெரியாது, பிள்ளை."

"ஒரு வருசமாத் தேடின ஆள். கண்டுபிடிச்சன். காட்ட விடேல்லை நீங்கள்."

நான் வெளியே பார்த்தேன். பக்கத்தில் ஒரு பாரவண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கள் எழும்பியிருந்தால் அவர் எழும்பியிருக்க மாட்டார்" என்றாள்.

அபெனா முன்கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள். "எழும்பியிருப்பார். இவவுக்குப் பக்கத்தில வந்து, தோளில கையைப் போட்டுக்கொண்டு நிண்டிருப்பார். இருபத்தாறு வருசமா எனக்குத் தெரியும்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அபெனாவும் சிரித்தாள். கார் அடுத்த பாதைக்குச் சரியும் அளவுக்குச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த மனிதர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு நிமிடம் நான் எழுந்து நின்றிருக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.